பசால்ட் பகுதிக் கற்கள் ஆறு, காங்கேயம் கல் ஒன்று: எதை அறுக்கலாம்?

கல்மூட்டை எழுதியது:

வணக்கம். கலவையாக வந்த ரஃப் (பட்டை தீட்டாத) கற்களை இனம் பிரிக்க உதவி வேண்டும். முதல் ஆறும் மகாராஷ்டிரத்தில் ஜல்கான் பக்கத்துப் பசால்ட் (எரிமலைப் பாறை) பகுதியிலிருந்து வந்தவை என்று சொல்லி விற்கப்பட்டவை. ஏழாவது காங்கேயம் பக்கம் கிடைத்தது. கையில் இருக்கும் கருவிகள்: தண்ணீரில் ஓடும் 6 அங்குல ட்ரிம் ரம்பம், 80 (கரடு) முதல் 3000 (மிருது) வரை ஆறு வைரச் சக்கரங்கள் உள்ள கபோஷான் (அடி தட்டையாக, மேல் குவிந்த கல்) தீட்டும் மெஷின், 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு.

1. முட்டை அளவு உருண்டை. மங்கிய பச்சைத் தோல், தோலெங்கும் சிறு குழிகள். முனை உடைந்த இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிகிறது.

2. தேன் நிறக் கூழாங்கல். செல்போன் டார்ச் வைத்தால் ஒளி ஊடுருவுகிறது. மேற்பரப்பு முழுக்கப் பிறை வடிவச் சிறு தடங்கள்.

3. வெள்ளையும் இளஞ்சிவப்பும் மாறி மாறிப் பட்டைகள். அகேட் (பட்டைகள் உள்ள சிலிக்காக் கல்) என்றே கொடுத்தார்கள். உடைந்த பக்கம் பளபளவென்று இருக்கிறது.

4. இளம் பீச் நிறம், முத்தின் மிளிர்வு. தகடுகள் சேர்ந்து இரு முனையும் விரிந்து நடுவில் ஒடுங்கிய கட்டுகள்.

5. செங்கல் சிவப்பு. ஒளி புகவில்லை. கறுப்பு நரம்புகள் ஓடுகின்றன.

6. கரும்பச்சை, தெளிவானது, ஓரம் மழுங்கியது. மரகதமாக இருக்குமோ என்று பார்த்தவர்கள் கேட்கிறார்கள்.

7. காங்கேயம் கல். பால் வெள்ளை. திருப்பும்போது ஒரு பக்கத்தில் மட்டும் நீலம் கலந்த ஒளி நகர்கிறது.

எதை ரம்பத்தில் வைக்கலாம், எந்தத் திசையில் அறுக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும்? இரண்டாவது கல்லைச் சூடாக்கினால் சிவக்குமா என்றும் தெரிய வேண்டும்.

---

சாணைச்சக்கரம் எழுதியது:

விவரமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏழிலும் நிறத்தைத்தான் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். இனம் காண்பதில் நிறம் கடைசியாக வர வேண்டியது. பட்டை தீட்டுபவருக்கு முதலில் தெரிய வேண்டியவை மூன்று: கல் எவ்வளவு கடினம், எப்படி உடைகிறது, எவ்வளவு அடர்த்தி. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் சக்கரத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிடும். பெயரும் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

கடினத்தன்மைக்கு ஜன்னல் கண்ணாடித் துண்டு, எஃகுப் பேனாக்கத்தி, நல்ல எஃகு அரம், உடைந்த ஸ்படிக முனை இந்த நான்கும் போதும். மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் கண்ணாடியும் கத்தியும் ஏறத்தாழ 5.5, அரம் 6.5, ஸ்படிகம் 7. அகேட், கார்னீலியன் (சூதுபவளம்), ஜாஸ்பர் (ஒளி புகாத சிலிக்காக் கல்) எல்லாம் 6.5 முதல் 7 வரை. கத்தி அவற்றைக் கீறாது, அவை கண்ணாடியை ஆழமாகக் கீறும். கீறிய பிறகு விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். பல நேரம் தெரியும் கோடு கல்லின் கீறல் அல்ல, கத்தி விட்டுப்போன உலோகத் தடம், தேய்த்தால் போய்விடும். நகம் மாட்டுகிற பள்ளமாக இருந்தால்தான் அது கீறல். தோலில் சோதிக்காதீர்கள். அங்கே மழையும் மண்ணும் அரித்திருக்கும், கடினமான கல்கூட மென்மையாகத் தெரியும். புதிதாக உடைந்த இடத்தில் மட்டும் சோதியுங்கள்.

அடுத்து ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. உங்கள் தராசே போதும். பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, கையிலோ ஸ்டாண்டிலோ தொங்கவிட்டு, முழுக்க மூழ்கும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன செ.மீ.யில். கல்லின் உலர் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி.

பிழை வரும் இடங்கள் மூன்று. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி கன அளவை அதிகமாகக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லைத் தூரிகையால் தடவிவிட்டு இறக்கவும். நுண்துளைக் கல் தண்ணீரை உறிஞ்சும். எண் மெல்ல மாறிக்கொண்டே இருந்தால் அதுதான் காரணம். மூன்றாவது சிறிய கல். 2 கன செ.மீ. கல்லில் 0.05 கிராம் தவறினால்கூட விடை 2.60க்குப் பதில் 2.54 ஆகிவிடும். 5 கன செ.மீ.க்கு மேல் இருந்தால் கவலையில்லை.

ஒப்பிட எண்கள்: அகேட், கார்னீலியன் 2.58 முதல் 2.64. ஸ்படிகம் 2.65. கால்சைட் (மென்மையான சுண்ணாம்புக் கனிமம்) 2.71. சந்திரகாந்தக் கல் (மூன்ஸ்டோன், ஃபெல்ட்ஸ்பார் வகை) 2.56 முதல் 2.59. சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம். பெரில் குடும்பம் (மரகதம் இதில் சேரும்) 2.7 பக்கம். கார்னெட் 3.5க்கு மேல். குருந்தம் (மாணிக்கம், நீலம்) 4.0.

அமிலச் சோதனை 3ஆம் கல்லுக்குக் கட்டாயம். வெள்ளை வினிகர் போதும், ஆனால் மெதுவாகத்தான் நுரைக்கும். கத்தியால் கொஞ்சம் பொடியாகச் சுரண்டி, பொடியின் மேல் சொட்டுவிட்டு லென்ஸில் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: பசால்ட் பகுதி அகேட்டின் தோலிலும் நடுப்பகுதியிலும் கால்சைட் ஒட்டியிருப்பது சகஜம். தோல் நுரைத்தது என்பதற்காக முழுக் கல்லும் கால்சைட் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏழு கல்லுக்கும் உலர் எடை, தண்ணீர் எண், கத்தி கீறியதா என்ற மூன்றையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

---

படிகம் எழுதியது:

மேலே சொன்னதோடு, உடைந்த முகத்தைப் பார்க்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எடையைவிட அதுதான் முதலில் பேசும்.

அகேட் வகை சங்கு முறிவாக உடையும்: வளைந்த, வழவழப்பான முகம், மெழுகு மிளிர்வு, லென்ஸில் பார்த்தாலும் துகள் எதுவும் தெரியாது. ஸ்படிகமும் அப்படித்தான் உடையும், ஆனால் மிளிர்வு கண்ணாடியுடையது. குவார்ட்சைட் உடைந்தால் சர்க்கரைக் கட்டியை உடைத்த முகம் தெரியும், மணி மணியாக மின்னும். கடினம் இருந்தாலும் மெருகு ஏறும்போது மணிகள் பெயர்ந்து குழி விழும். ஃபெல்ட்ஸ்பார் தட்டையான தளங்களாகப் பிளக்கும், அந்தத் தளங்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்கும். கால்சைட் மூன்று திசையில் சாய்சதுரமாகப் பிளக்கும். 3ஆம் கல்லில் நீங்கள் சொல்லும் 'பளபள' இந்தச் சாய்சதுரத் தளங்களாக இருக்கலாம். கல்லை டார்ச் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். பல புள்ளிகள் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணைந்தால் அது பிளவுத்தளம். அகேட்டில் அப்படி நடக்காது.

1ஆம் கல் எனக்கு எடை தெரியாமலே நம்பிக்கை தருகிறது. தக்காணப் பசால்ட் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக ஓடி உறைந்தது. அதில் வாயுக் குமிழி இருந்த வெற்றிடங்களில் பின்னர் சிலிக்கா படிந்து அகேட் உருவானது. குமிழியின் சுவரில் முதலில் செலடோனைட் என்ற பச்சைக் களிமண் கனிமம் பூச்சாகப் படியும். அந்தப் பச்சைத் தோலும், குமிழிச் சுவரின் மேடுபள்ளத்தை அச்செடுத்த குழிகளும் சேர்ந்து இருந்தால், அது பசால்ட்டிலிருந்து நேரே விடுபட்ட உருண்டை, ஆற்றில் அதிகம் உருளவில்லை என்று பொருள். ஆற்றில் உருண்டிருந்தால் தோல் போயிருக்கும், 2ஆம் கல்லில் நீங்கள் பார்த்த பிறைத் தடங்கள் வந்திருக்கும். கூழாங்கற்கள் ஒன்றோடொன்று மோதும்போது சங்கு முறிவுள்ள கல்லில் விழும் அடித்தடம் அது. கால்சைட்டில் அது விழாது. எனவே 2ஆம் கல்லும் கால்செடனி (அகேட், கார்னீலியன் சேர்ந்த சிலிக்கா வகை) என்றுதான் நினைக்கிறேன்.

5ஆம் கல்லில் கவனம் தேவை. தக்காணத்தில் ஒரு குழம்பு அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சிவந்த களிமண் அடுக்குகள் உண்டு. காய்ந்த துண்டு பார்க்க அசல் சிவப்பு ஜாஸ்பர்போல இருக்கும். நாக்கின் நுனியில் வைத்தால் ஒட்டும், ஈரமாக்கினால் மண் வாசம் வரும், கத்தி எளிதில் இறங்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அது ஜாஸ்பர் அல்ல.

---

கல்மூட்டை எழுதியது:

நன்றி சாணைச்சக்கரம் அண்ணா, படிகம் மேடம். சோதித்த முடிவுகள் (உலர் எடை, தண்ணீர் எண், இரண்டும் கிராமில்):

1ஆம் கல்: 84.20, 34.90. உடைந்த இடத்தைக் கத்தி கீறவில்லை.
2ஆம் கல்: 38.55, 14.80. கீறவில்லை.
3ஆம் கல்: 61.30, 22.65. கத்தி நன்றாக இறங்குகிறது. பொடி வினிகரில் நுரைக்கிறது.
4ஆம் கல்: 27.90, 12.90. கத்தி கீறுகிறது, தகடாக உதிர்கிறது. நுரை இல்லை.
5ஆம் கல்: 52.40, 19.90. கீறவில்லை, நாக்கில் ஒட்டவில்லை.
6ஆம் கல்: 19.75, 7.90. கத்தி லேசாக வழுக்குகிறது. ஸ்படிக முனை கீறுகிறது.
7ஆம் கல்: 22.35, 8.70. கத்தி கீறவில்லை, ஸ்படிகம் கீறுகிறது. உடைந்த பக்கத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தட்டைத் தளங்கள்.

1ஆம் கல்லின் விடை 2.41 வருகிறது. அகேட்டுக்கு இது குறைவாயிற்றே?

---

சாணைச்சக்கரம் எழுதியது:

அந்த 2.41தான் இந்த மூட்டையிலேயே நல்ல செய்தி. கத்தி கீறவில்லை, பச்சைத் தோலும் குழிகளும் இருக்கின்றன, எனவே பொருள் அகேட்தான். எடை குறைவதற்குக் காரணம் உள்ளே வெற்றிடம். கணக்குப் போடுங்கள்: 84.20ஐ 2.60ஆல் வகுத்தால் 32.4 கன செ.மீ. வர வேண்டும். நீங்கள் அளந்தது 34.9. வித்தியாசம் 2.5 கன செ.மீ. தோலில் உள்ள இலேசான களிமண் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்; மிச்சம் நடுவில் உள்ள பொந்து. அதில் ஸ்படிகமோ அமெதிஸ்டோ படிந்திருக்க வாய்ப்புண்டு.

எனவே இதைச் சகட்டுமேனிக்கு 5 மி.மீ. ஸ்லாபாக (பலகையாக) அறுக்காதீர்கள். முதலில் உடைந்த முனையில் மட்டும் ஒரு ஜன்னல் வெட்டு போட்டுப் பட்டையின் போக்கைப் பாருங்கள். பட்டைகள் தோலுக்கு இணையாகச் சுற்றிச் சுற்றி வந்தால், நீள அச்சு வழியாக நடுவில் ஒரே வெட்டு. இரண்டு பாதியும் பொந்தோடு அழகாக நிற்கும். நடுவை விட்டு ஓரமாக வெட்டினால் பட்டை அகன்று கலங்கித் தெரியும். அடியில் தட்டையான கிடை அடுக்குகள் இருந்தால், அந்த அடுக்குக்குச் செங்குத்தாகவே வெட்ட வேண்டும். இணையாக வெட்டினால் ஒரே நிறப் பலகைதான் கிடைக்கும்.

உருண்டையைக் கையில் பிடித்து ரம்பத்தில் தள்ளுவது ஆபத்து. இலேசாகச் சுழன்றாலும் பிளேடு இறுகி வளையும், வைர விளிம்பு பெயரும். மரக்கட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து, உருண்டையைப் பாதிவரை புதைத்து, ஒரு நாள் காயவிட்டு, கட்டையைப் பிடித்து அறுக்கவும். தள்ளும் வேகம் மோட்டார் சத்தத்தில் தெரியும். சத்தம் கனத்தால் கையைத் தளர்த்துங்கள். பொந்தை நெருங்கும்போதும், வெட்டு முடியப்போகும் கடைசி சில மில்லிமீட்டரிலும் அழுத்தம் இல்லாமல் விடவும். அங்கேதான் விளிம்பு சில்லு பெயரும்.

2ஆம் கல் 2.60, கால்செடனி. சூடாக்குவது பற்றிக் கீழே சொல்கிறேன்.

3ஆம் கல் 2.71, கத்தி இறங்குகிறது, நுரைக்கிறது. பட்டைக் கால்சைட். சந்தையில் ஆனிக்ஸ் மார்பிள் என்று வருவதும் இந்தக் குடும்பமே. அகேட் விலை கொடுத்திருந்தால் அதிகம். மோஸ் 3தான் என்பதால் மோதிரத்துக்கு ஆகாது. தட்டையான காட்சித் துண்டாக்கலாம்; ஆனால் அகேட்டோடு ஒரே அமர்வில் தீட்டாதீர்கள், 80 சக்கரத்தில் வைத்த நொடியில் பாதி காணாமல் போகும். 600இலிருந்து தொடங்கவும்.

4ஆம் கல் 2.16. முத்து மிளிர்வு, ஒடுங்கிய கட்டு, தகடாக உதிர்வது எல்லாம் சேர்ந்து ஸ்டில்பைட். சியோலைட் குடும்பம், ஜல்கான் பக்கத்துக் குவாரிகள் இதற்கு உலகப் பெயர் பெற்றவை. இதை அறுக்கவே அறுக்காதீர்கள். கல்லாக அதற்கு மதிப்பில்லை, முழுப் படிகமாகச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. கழுவ மென்மையான தூரிகையும் தண்ணீரும் மட்டும். அமிலமும் சூடும் ஆகாது.

5ஆம் கல் 2.63, கத்தி கீறவில்லை. ஜாஸ்பர்.

6ஆம் கல் சரியாக 2.50. கண்ணாடி. பெரில் குடும்பமாக இருந்தால் 2.7 வந்திருக்கும், ஸ்படிக முனையும் அதைக் கீறியிருக்காது, மரகதம் 7.5 பக்கம். தண்ணீரில் போட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து லென்ஸில் பாருங்கள்: உருண்டைக் குமிழிகளும் சுழிக் கோடுகளும் தெரியும். ஆற்றில் உருண்ட பாட்டில் துண்டுகூட இப்படித்தான் ஓரம் மழுங்கி வரும்.

---

நொய்யல்கரை எழுதியது:

ஏழாவது கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பக்கத்துக் கல் ஆயிற்றே. 22.35ஐ 8.70ஆல் வகுத்தால் 2.57. ஸ்படிகம் கீறுகிறது, படிக்கட்டுத் தளங்கள் இருக்கின்றன, ஒளி நகர்கிறது. சந்திரகாந்தக் கல், சந்தேகம் வேண்டாம். காங்கேயம், கரூர் பக்கம் தோட்டத்து வரப்புகளில் வெங்கச்சங்கல்லோடு கலந்து கிடப்பதால் பலர் இதையும் வெங்கச்சங்கல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். வெங்கச்சங்கல் பால் வெள்ளைக் குவார்ட்ஸ்: 2.65 வரும், பிளவுத்தளம் இருக்காது, திருப்பினால் ஒளி நகராது.

இதில் திசைதான் எல்லாம். கல்லுக்குள் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருக்கின்றன, ஒளி அந்த அடுக்குகளில் சிதறித்தான் நீலம் தெரிகிறது. அடுக்குக்கு இணையாக கபோஷானின் அடித்தளம் அமைய வேண்டும். கண்டுபிடிக்கும் முறை: இருட்டறையில் தலைக்கு மேலே ஒரே ஒரு சிறு விளக்கு. டியூப்லைட் ஆகாது, ஒளி பரவிவிடும். கல்லை நனைத்து, நேர் மேலிருந்து பார்த்துக்கொண்டே மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். ஒளி மிகப் பிரகாசமாக எழும் நிலையில் நிறுத்தி, அப்போது கிடைமட்டமாக இருக்கும் தளத்தைக் கல்லைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக அறுங்கள். சில டிகிரி தவறினாலும் ஒளி உச்சியை விட்டு ஓரத்துக்குப் போய்விடும். உச்சியை உயரமாக வைத்தால் ஒளி ஒரு புள்ளியில் திரளும்; தட்டையாக வைத்தால் பரந்து மங்கும்.

தீட்டும்போது 80 சக்கரம் பக்கமே போக வேண்டாம். அதன் அதிர்ச்சியில் பிளவு உள்ளே ஓடும், 1200இல்தான் அது கண்ணுக்குத் தெரியும். 220இல் மெல்லத் தொடங்குங்கள். கல்லைக் குச்சியில் ஒட்டச் சூடான மெழுகு வேண்டாம், திடீர்ச் சூட்டில் இந்தக் கல் வெடிக்கும். எப்பாக்ஸியோ சூப்பர் க்ளூவோ போட்டு ஒட்டி, முடிந்தபின் அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றலாம். கடைசி மெருகு ஈரமான லெதரில் சீரியம் ஆக்சைடு பொடி.

அந்த வரப்புகளில் நீலப்பச்சைத் தெளிவான கல் கிடைத்தாலும் விடாதீர்கள். பக்கத்தில் உள்ள படியூர் பெரிலுக்குப் பழம்பெயர் பெற்ற ஊர். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் பெரில், ஸ்படிகம், அமெதிஸ்ட் மணிகளும் செய்து முடிக்காத துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அங்கே கிடைத்த சூதுபவளம் மட்டும் நம் மண் கல் அல்ல, குஜராத் பக்கத்திலிருந்து வந்த கல்லாகக் கருதப்படுகிறது.

---

சாணைச்சக்கரம் எழுதியது:

சூதுபவளம் என்றதும் 2ஆம் கல்லுக்கே வருகிறேன். அது தேன் நிறக் கால்செடனி, நிறத்துக்குக் காரணம் நீரேறிய இரும்பு ஆக்சைடு. சூட்டில் நீர் வெளியேறி அது ஹெமடைட் ஆகும்போது கல் சிவக்கிறது. குஜராத்தில் ரதன்பூர் கற்களை இப்படித்தான் பக்குவப்படுத்துகிறார்கள்: மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, மண் கலங்களில் வைத்து, சாண எரு மூட்டத்தில் மெல்லச் சுட்டு, கம்பாத்தில் மணியாக்குவார்கள். அந்தப் பொறுமைக்குக் காரணம் கல்லின் நுண்துளைகளில் உள்ள தண்ணீர். அது வெளியேறும் முன் சூடு ஏறினால் நீராவியாகிக் கல்லை உடைக்கும்.

வீட்டில் செய்வதானால் வெப்பநிலை காட்டும் சிறு மின்சூளை வேண்டும். கல்லை முதலில் தோராய வடிவத்துக்கு அறுத்துவிடுங்கள். தடித்த கல்லைவிட 6 மி.மீ. ஸ்லாப் உடையாமல் தப்பும் வாய்ப்பு அதிகம். எஃகு டப்பாவில் உலர்ந்த மணலில் புதைத்து, 100 டிகிரி செல்சியஸில் ஒரு முழு நாள். பிறகு மணிக்கு 20 முதல் 25 டிகிரி ஏற்றி 300 வரை கொண்டுபோய் நான்கு மணி நேரம் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எட்டிப் பார்க்க மூடியைத் திறப்பதுதான் பெரும்பாலான கல்லைக் கொல்கிறது. முதலில் ஓரத்திலிருந்து வெட்டிய ஒரு சில்லை மட்டும் வைத்துச் சோதியுங்கள். இரும்பு இல்லாத சாம்பல் நிறக் கல் சிவக்காது, சுண்ணாம்பு வெள்ளையாக மங்கிவிடும். 1ஆம் கல்லைச் சூளையில் வைக்கவே கூடாது. மூடிய பொந்தில் தண்ணீர் இருந்தால் வெடிக்கும்.

இன்னொன்று, இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. கடுஞ்சிவப்பு, கடும் நீலம், மை கறுப்பு அகேட் ஸ்லாப்கள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. கறுப்பு ஆனிக்ஸ் என்பதே பெரும்பாலும் சாம்பல் அகேட்டைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் கருக்கியது. லென்ஸில் விரிசல்களைப் பாருங்கள். நிறம் அங்கே அடர்ந்து கோடாகத் தேங்கியிருந்தால் சாயம். அசிட்டோன் தொட்ட பஞ்சில் நிறம் வந்தால் மலிவான சாயம், ஆனால் வராததால் மட்டும் இயற்கை நிறம் என்று முடிவுகட்ட முடியாது. உள்ளேயே படிந்த நிறம் பஞ்சில் வராது.

---

படிகம் எழுதியது:

தூசியைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்த ஏழு கல்லில் மூன்று கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. கம்பாத்தில் அகேட் தீட்டும் தொழிலாளர்களிடையே சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அங்கே உலர் சாணையில் தீட்டுவதே முக்கியக் காரணம். நுரையீரலில் படிந்த தழும்புக்கு மருந்து இல்லை. எனவே தண்ணீர் நின்றுபோனால் மெஷினை நிறுத்துங்கள், "இந்த ஒரு ஓரம் மட்டும்" என்று உலரத் தீட்டாதீர்கள். ஈரமாகத் தீட்டினாலும் தெறித்த குழம்பு காய்ந்து தூளாகும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள், அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். முகக்கவசம் குறைந்தது என் 95. மாற்றும் வடிகட்டி உள்ள அரைமுகக் கவசம் இன்னும் நல்லது. ரம்பத் தொட்டியின் குழம்பைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகும், வாளியில் தெளியவைத்து வண்டலைத் தனியே அகற்றவும்.

இன்னும் இனம் தெரியாத கல் கிடைத்தால், நார் நாராகப் பிரிகிற எதையும் அறுக்க வேண்டாம். பாம்புப் பச்சைக் கல் வகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நரம்பு ஓடலாம். பளிச்சென்ற பச்சை, பளிச்சென்ற சிவப்பு, ஈயம்போல் கனம், இந்த மூன்றும் தாமிரம், பாதரசம், ஈயம் சேர்ந்த கனிமங்களாக இருக்கக்கூடும். ஒப்படர்த்தி 5க்கு மேல் வந்தால் நிறுத்திவிட்டு முதலில் கேளுங்கள்.

கல்மரம் (கல்லாகிப்போன மரம்) தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: திருவக்கரையும் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட புவியியல் சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

---

கல்மூட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1ஆம் கல்லில் ஜன்னல் வெட்டு போட்டாயிற்று. பட்டை தோலுக்கு இணையாகச் சுற்றி வருகிறது. 5ஆம் கல்லிலும் ஒரு ஸ்லாப் எடுத்துத் தீட்டினேன். சிவப்புப் பகுதி நன்றாக மெருகேறுகிறது, கறுப்பு நரம்புகள் மட்டும் பள்ளமாகிவிடுகின்றன. 3000 வரை போனாலும் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

---

சாணைச்சக்கரம் எழுதியது:

3000இல் அது சரியாகாது, பள்ளம் 80லேயே விழுந்துவிட்டது. நரம்பில் உள்ள இரும்பு ஆக்சைடு சிலிக்காவைவிட மென்மை, அல்லது பொடிப்பொடியாக இருக்கிறது. அழுத்தித் தீட்டும்போது அது முதலில் தேய்கிறது. பின்னால் வரும் நெகிழ்வான சக்கரங்கள் பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதை இன்னும் ஆழமாக்குகின்றன.

திரும்ப 220க்குப் போய்ப் பள்ளத்தின் அடிவரை மேற்பரப்பை இறக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் கை எடை மட்டும் படட்டும், கல் நகர்ந்துகொண்டே இருக்கட்டும், தண்ணீர் தாராளமாக. 600இல் நிறுத்தி உலரத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நரம்பு அப்போதும் தாழ்ந்திருந்தால் இந்தக் கல்லுக்குப் பிணைப்பு தேவை: 60 டிகிரியில் சில மணி நேரம் உலரவைத்து, இளஞ்சூட்டிலேயே நீர்த்த எப்பாக்ஸியைப் பூசி நரம்புக்குள் இறங்கவிட்டு, 24 மணி நேரம் இறுகவிட்டு, 220இலிருந்து மறுபடி தொடங்குங்கள். கடைசி மெருகை நெகிழ்வான சக்கரத்தில் போடாமல், கடினமான அடித்தளத்தில் ஒட்டிய லெதரில், கிட்டத்தட்ட உலர்ந்த அலுமினா கொண்டு போடுங்கள். லெதர் சூடேறினால் கல்லை எடுத்துவிடுங்கள், சூட்டில் எப்பாக்ஸி இளகும்.

விற்பதாக இருந்தால் எப்பாக்ஸி ஏற்றிய கல் என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். 2ஆம் கல்லைச் சூடாக்கி விற்றால் அதையும்.